டாக்டர் வீட்டுப் பச்சைக் கார்

எங்கள் வீட்டுக் கார் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தது. அமெரிக்காவில் செய்தது. காகித ஆலையில் இயந்திரம் பொருத்த வந்த ஒரு வெளிநாட்டு என்ஜினீயர் அதைக் கப்பலில் கூடவே கொண்டுவந்திருந்தார். வேலை முடிந்து ஊர் திரும்பும்போது, தன் கண்ணுக்கு ஆபரேஷன் செய்த டாக்டருக்கே அதைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த டாக்டர் என் அப்பா.

வெளிர்ப் பச்சை உடம்பு, பக்கவாட்டில் பாலாடை நிறத்தில் ஒரு பட்டை, உள்ளே சிவப்புத் தோல் சீட்டு. எங்கள் தெருவில் அந்தக் கார் திரும்ப வேண்டுமென்றால் தெருவே கொஞ்சம் நகர்ந்துகொடுக்க வேண்டும். அதன் கூரை கித்தான் துணி. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பொத்தானை இழுத்தால் எங்கேயோ ஒரு மோட்டார் உறுமும். கூரை தானாக எழுந்து, மடங்கி, பின் சீட்டுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். அதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் எல்லாம் விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவரும்.

அந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். எங்கள் சாலைகளுக்கு அது தப்பான பக்கம். முன்னால் லாரி போனால், அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு வயதிலிருந்து அது என் வேலை. சீட்டில் முழங்காலிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பேன்.

"இருங்க... இருங்க... சைக்கிள் வருது... இப்ப போலாம் டிரைவர் அண்ணா!"

"கண்டிப்பா போலாமா பாப்பா? அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் மேல போவோம்."

"போலாம்!"

வண்டி வழுக்கிக்கொண்டு முன்னேறும். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு யாரும் என் பேச்சை அவ்வளவு நம்பியதில்லை.

டிரைவர் அண்ணனுக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான ஆள். தேய்த்த அரைக்கைச் சட்டை, பையில் ஒரு சீப்பு. ஹார்ன் அடிக்கவே மாட்டார். "அடிச்சா ஜனங்க விலகிப் போயிடுவாங்க பாப்பா. அடிக்காம போனா நின்னு பாப்பாங்க" என்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூரையை இறக்கிவிட்டு ஏரிக்கரை ரோட்டில் போவோம். அம்மா முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொள்வாள். அக்கா மட்டும் பின்னலை அவிழ்த்துவிடுவாள். அப்பா பின் சீட்டில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கட்டுவார். ஒரு தடவை நாலாம் பக்கம் மட்டும் பிய்த்துக்கொண்டு பறந்து, பின்னால் வந்த சைக்கிள்காரர் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அப்பா சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். வெயிலில் காய்ந்த தோல் சீட்டின் வாசனை, ஏரியிலிருந்து வரும் ஈரக்காற்று, கார் ரேடியோவில் கொரகொரவென்று ஏதோ பாட்டு. இப்போதும் கண்ணை மூடினால் அந்த வாசனை மூக்குக்கு வந்துவிடும்.

அந்த ரேடியோதான் எல்லாவற்றையும் ஆரம்பித்துவைத்தது. ஒரு நாள் அது பாடுவதை நிறுத்திவிட்டது. கடைத்தெருவிலிருந்து ரேடியோ ரிப்பேர்காரர் வந்தார். சின்ன வயசு, சுருட்டை முடி. முதல் தடவையிலேயே ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் இரண்டு தடவை அவர் எதற்கு வந்தார் என்று வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. அக்காவுக்கு இருபத்தொரு வயது. எனக்குப் பதினொன்று. எனக்குத் தெரியும்.

அடுத்த ஊர் ரிஜிஸ்தர் ஆபீசில் பத்து மணிக்குக் கல்யாணம். பஸ்ஸில் போனால் அப்பாவின் நோயாளி யாராவது பார்த்துவிடுவார்கள். காரில் போனால் நாற்பது நிமிடம். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியும். அப்பா சொல்லி டிரைவர் அண்ணன்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். சாவி மட்டும் டிரைவர் அண்ணனின் அறையில், ஷெட்டை ஒட்டிய சின்ன அறையில், ஒரு ஆணியில் தொங்கும். அவர் சமையலறைத் திண்ணையில் காலைச் சாப்பாடு சாப்பிடும் நேரத்தில் அக்கா அந்தப் பக்கம் போனால் எல்லோரும் பார்ப்பார்கள். நான் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

"எடுத்துட்டு வந்து குடு. வேற ஒண்ணும் கேக்காதே" என்றாள் அக்கா. நான் ஒன்றும் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று தெரிந்தே கொடுத்தேன்.

அக்கா கூரையை இறக்கிவிட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். யாரோ கடைக்கு அனுப்பியது மாதிரி அவ்வளவு சாவகாசமாக.

மத்தியானம் அப்பா யாருடைய ஜீப்பிலோ போய்க் காரை மட்டும் மீட்டுக்கொண்டு வந்தார். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் ஒழுங்காக நிறுத்தி, சாவியை ஒரு கடிதத்தோடு டேஷ்போர்டு பெட்டியில் வைத்துவிட்டு அக்கா போயிருந்தாள். அப்பா கூடத்தில் நின்று டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டார்.

"சாவி உன் பொறுப்புலதானே இருந்துச்சு?"

"ஆமாங்க ஐயா."

"நாளையிலேருந்து வர வேணாம்."

அவ்வளவுதான். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். டிரைவர் அண்ணன் திரும்பும்போது ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்பா வேறு டிரைவர் வைக்கவில்லை. காரை ஷெட்டில் ஏற்றி, தார்ப்பாயைப் போட்டு மூடினார். அது அப்படியே நாற்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது.

*

அப்பா போனார், அம்மா போனாள். எனக்குக் கல்யாணம் ஆகி, அவரும் போய், நான் மறுபடி அதே வீட்டில் வந்து விழுந்தேன். அப்பா நோயாளி பார்த்த முன்னறையில் இப்போது என் மூக்குக்கண்ணாடிக் கடை. அக்காவோடு அப்பாவுக்குக் கடைசிவரை பேச்சு இல்லை. எனக்கு உண்டு. வாரம் ஒரு தடவை போனில் பேசிக்கொள்வோம்.

தெருவை அகலப்படுத்துவதற்காக ஷெட்டை இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பழைய இரும்புக்காரரை வரச்சொன்னேன். அவர் தார்ப்பாயை இழுத்தார். நாற்பது வருஷத் தூசி. இருமி முடித்துவிட்டுப் பார்த்தால், பச்சை நிறம். அங்கங்கே துருப்பிடித்து, டயர்கள் தரையோடு தரையாக அப்பி, சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஆனால் முன் விளக்குகள் இரண்டும் என்னைத் தெரிந்த மாதிரியே பார்த்தன.

"எடைக்குத்தான்மா எடுக்க முடியும்" என்றார் இரும்புக்காரர்.

"எடுக்க வேணாம். போயிட்டு வாங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

பழைய கார்களைச் சீராக்கும் ஒரு மெக்கானிக் ஊருக்கு வெளியே பட்டறை வைத்திருந்தார். வாய் ஓயாத மனிதர். கார்களை உறவுக்காரர்கள் மாதிரி பேசுவார். "அக்கா, இதுக்கு எலும்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. சதைதான் போயிடுச்சு" என்றார். சதை வைக்க இரண்டரை வருஷம் ஆயிற்று. அடித்தளத் தகடு முழுக்கப் புதிதாக அடித்தார். என்ஜினைப் பிரித்து மேஜையில் பரப்பிவைத்தார். பிரேக் பாகங்கள் ஒரு கண்டத்திலிருந்து வந்தன, கண்ணாடியைச் சுற்றும் ரப்பர் இன்னொன்றிலிருந்து வந்தது. பம்பருக்கு முலாம் பூசிக்கொண்டு வந்த அன்று அதில் முகம் பார்த்துத் தலை வாரினார். கூடாரம் தைக்கிற ஒருவர் பழைய கூரைத் துணியைத் தையல் தையலாகப் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புதியது தைத்தார். பழைய கதவின் உள்பக்கம் வெயில் படாத ஓர் இடத்திலிருந்து பச்சையின் சாயலை எடுத்தார்கள். அந்தப் பச்சையை முழு வண்டியிலும் பார்த்த அன்று பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாம் சரியாயிற்று. கூரைதான் படுத்தியது. பாதி எழும், அப்புறம் கோணிக்கொண்டு நின்றுவிடும். ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. மெக்கானிக் பத்து நாள் அதோடு போராடினார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, அந்தக் காலத்துல இதை ஓட்டின ஆளு யாராச்சும் உயிரோட இருக்காங்களா?"

"இருக்காரு" என்றேன்.

"எங்க இருக்காரு?"

"இங்கதான். பஸ் டிப்போவுக்குப் பின்னாடி. எங்க வீட்டுலேருந்து பதினஞ்சு நிமிஷம் நடக்கணும்."

"அட, அப்ப முன்னாடியே கூப்பிட்டிருக்கலாமே!"

கூப்பிட்டிருக்கலாம். நாற்பத்து நான்கு வருஷமாகவே கூப்பிட்டிருக்கலாம். அவருடைய மகள் என் கடையில்தான் கண்ணாடி வாங்குவாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. அவள் வந்தால் மட்டும் கண்ணாடியை நான் நாலு தடவை துடைத்துக் கொடுப்பேன். "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்க வாய் வரை வரும். "ஆறு மாசம் கழிச்சு செக் பண்ணிக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

*

மறுநாள் காலை போனேன். இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது அவர் மனைவி. எழுபது தாண்டியவர். குட்டையான உருவம், கூர்மையான கண். கையில் மடித்துக்கொண்டிருந்த வேட்டி.

"யாரும்மா?"

"டாக்டர் வீட்டுலேருந்து வர்றேன். பச்சைக் கார் டாக்டர்... அவரு பொண்ணு."

அவர் முகம் மாறியது. "எந்தப் பொண்ணு? ஓடிப்போனதா, வீட்டுல இருந்ததா?"

"இருந்தது."

"அப்ப சரி. இப்ப என்ன? இன்னொரு சாவி தொலைஞ்சுபோச்சா?"

உள்ளேயிருந்து டிரைவர் அண்ணன் வந்தார். முடி முழுக்க வெள்ளை. முதுகு லேசாக வளைந்திருந்தது. தேய்த்த அரைக்கைச் சட்டை மட்டும் அப்படியே இருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாப்பாவா?"

ஐம்பத்தைந்து வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். சொல்ல வேண்டியது ஒன்று. வாயில் வந்தது வேறு.

"அண்ணா, வண்டியை ரெடி பண்ணியிருக்கேன். ஓடுது. கூரை மட்டும் பாதியில நிக்குது."

அவர் கண் விரிந்தது. "ஓடுதா? அந்த வண்டியா?" சுவரில் மாட்டியிருந்த சீப்பை எடுத்துத் தலையை ஒரு தடவை வாரினார். "எந்தப் பக்கம் நிக்குது? இடது பக்கமா?"

"ஆமா!"

"எனக்குத் தெரியும். வாங்க போலாம்."

"போங்க போங்க" என்றார் மனைவி பின்னாலிருந்து. "அந்த வண்டி கூப்பிட்டா உங்களுக்குச் சோறு தண்ணி வேணாமே. நாப்பது வருஷம் கழிச்சுக் கூப்பிட்டாலும் ஓடுறதைப் பாரு."

பட்டறையில் டிரைவர் அண்ணன் உடனே வண்டியைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். அப்புறம் இன்னொரு சுற்று. "பக்கக் கண்ணாடி ஒரு விரல் கீழ இருக்கணும்" என்றார். மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டரை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

பிறகு கதவைத் திறந்து, இடது சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார்.

"என்ஜினைப் போட்டுக்கறேன் தம்பி. ஓடாத என்ஜினோட கூரையைத் தொட்டா பேட்டரி பாதியில படுத்துடும். இப்ப முன்னாடி ரெண்டு கொக்கியையும் கழட்டுங்க. வெயில் மறைப்புப் பலகையைப் பக்கவாட்டுல திருப்புங்க, அது தடுக்கும். இடது பக்க எண்ணெய்க் குழாயில காத்து நிக்கும். அதனால ஒரே மூச்சுல இழுக்கக் கூடாது. பாதி ஏத்து, இறக்கு. பாதி ஏத்து, இறக்கு. மூணு தடவை."

மூன்று தடவை அவரே செய்தார். நாலாவது தடவை மோட்டார் உறுமியது. கூரை எழுந்தது, மடங்கியது, பின் சீட்டுக்குப் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது. மெக்கானிக் கைதட்டினார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒரு ரவுண்டு போலாமா அண்ணா? ஓட்டுறீங்களா?"

"லைசென்ஸ் முடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. வலது கண்ணுல திரை வேற விழுந்திருக்கு. நீங்க ஓட்டுங்க. நான் பாத்துச் சொல்றேன்."

அவர் வலது சீட்டுக்கு நகர்ந்தார். நான் ஏரிக்கரை ரோட்டில் திருப்பினேன். ரோடு இப்போது நாலு மடங்கு அகலம். ஏரி பாதியாகிவிட்டது. காற்று மட்டும் அதே காற்று. முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"இருங்க" என்றார். கழுத்தை நீட்டி, நல்ல கண்ணால் எட்டிப் பார்த்தார். "இருங்க... ஆட்டோ வருது... இப்ப போங்க. போங்க, போங்க! என்ன யோசனை? வண்டியா ஓட்டுறீங்க, ஊசியில நூல் கோக்குறீங்களா?"

சிரித்துக்கொண்டே தாண்டினேன். சிரிப்பு முடியும்போது அழுகையாக மாறியது. சாலையோரம் ஒரு மரத்தடியில் நிறுத்தி, என்ஜினை அணைத்தேன்.

"அண்ணா, அன்னைக்குச் சாவியை எடுத்தது நான்."

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"சாப்பிட்டுட்டு ரூமுக்கு வந்து பாத்தேன். ஆணியில சாவி இல்ல. ஆணிக்குக் கீழ என் ஸ்டூல் நின்னுச்சு. உங்க அக்கா இருந்த உசரத்துக்கு ஸ்டூல் எதுக்கு?"

"அப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

"பதினோரு வயசுப் பிள்ளையைக் காட்டிக்குடுக்கவா? ஐயாவோட கோவம் எனக்குத் தெரியாதா?" "அது மட்டும் இல்ல. அவரு 'நீ குடுத்தியா'ன்னு என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்ல. கேட்டிருந்தா 'இல்ல'ன்னு சொல்லியிருப்பேன். ஆறு வருஷம் அவரோட உயிரைக் கையில வெச்சுக்கிட்டு ஓட்டினவன். கேக்காதவருகிட்ட என்னத்தைச் சொல்றது?"

"உங்களுக்கு என் மேல கோவம் இல்லையா?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"இருந்துச்சு. இல்லாம இருக்குமா? வேலை போனதுக்கு இல்ல. சின்னப் பிள்ளை, பயந்துட்டே. சரி, பெரியவளானா நீ வருவேன்னு நினைச்சேன். இருபது வயசுல வருவே. கல்யாணப் பத்திரிகை குடுக்க வருவே. ஐயா இறந்தப்ப நானே வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன், அப்பவாச்சும் நீ ஆள் அனுப்புவேன்னு. அப்புறம் விட்டுட்டேன். பஸ்ஸு ஓட்டவே நேரம் சரியாப் போச்சு."

எப்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று அவரும் கவனிக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்கு நான் தகுதியில்லை என்றும் தெரிந்தது.

"நான் என்ன செய்யணும் அண்ணா? சொல்லுங்க. எதுவானாலும் செய்றேன்."

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். முதல் தடவையாக அவருக்கு வெட்கம் மாதிரி ஒன்று வந்தது.

"என் வீட்டுக்காரிகிட்ட வந்து சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"நான் குடுக்கலைன்னு சொல்லு. உங்க அக்காவுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்தேன் இல்ல, அதுலேருந்து பிடிச்சுக்கிட்டா. 'அந்தச் சின்னம்மா சிரிச்சா சாவி என்ன, சட்டையையும் கழட்டிக் குடுத்திருப்பீங்க'ன்னு. நான் எத்தனை தடவை சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டேங்கறா. மக கல்யாணத்துல சொன்னா, பேத்தி பிறந்தப்ப சொன்னா. போன வாரம் குழம்புல உப்பு குறைச்சல்னு சொன்னேன். 'சாவி குடுத்த கையி என்கிட்ட உப்பு கேக்குதா'ங்கறா. நாப்பத்து நாலு வருஷம் பாப்பா. எனக்குக் காது வலிக்குது."

*

காரைப் பஸ் டிப்போவுக்குப் பின்னால், அவர்கள் குடியிருப்பின் வாசலிலேயே நிறுத்தினேன். மாடி மாடியாகத் தலைகள் முளைத்தன. நாங்கள் படி ஏறினோம். அவர் மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். காலையில் மடிக்க ஆரம்பித்த அதே குவியல், பாதி குறைந்திருந்தது.

நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரேடியோ, ரிஜிஸ்தர் ஆபீஸ், ஆணி, ஸ்டூல். கதவுக்குப் பின்னால் நின்று வாயைத் திறக்காமல் இருந்ததையும் சொன்னேன். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் வராததையும் சொன்னேன்.

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு துண்டு, ஒரு சட்டை, ஒரு தலையணை உறை. கடைசியில் கை நின்றது.

"பதினோரு வயசா உனக்கு?"

"ஆமாம்மா."

"தெரிஞ்சுதான் எடுத்தியா?"

"தெரிஞ்சுதான்."

"இவரு வேலை போய் ரெண்டு வருஷம் லோடு லாரில கிளீனரா போனாரு. அமெரிக்கா கார் ஓட்டின டிரைவரு, கிளீனரா போனாரு. நான் ராப்பகலா தையல் மெஷின்ல உக்காந்து கால் வீங்கிப்போச்சு. அதுக்கு நீ என்ன பதில் சொல்லுவே?"

"பதில் இல்லம்மா."

"இருக்குன்னு சொல்லியிருந்தா வெளிய அனுப்பியிருப்பேன்" என்றார்.

பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க சொன்னது நிஜமா?"

"எத்தனை தடவை சொன்னேன்!"

"சொன்னீங்க. ஆனா சொல்ற மாதிரி சொல்லலையே" என்று சொல்லிக்கொண்டே எழுந்து உள்ளே போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. டிரைவர் அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் போல வாசலையே பார்த்தார்.

அவர் மனைவி திரும்பி வந்தபோது முகம் கழுவி, வேறு புடவை கட்டியிருந்தார். கண் சிவந்திருந்தது. கணவருக்கு முன்னால் போய் நின்றார். தோளில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டார். அது மன்னிப்புக் கேட்டதா, கொடுத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. டிரைவர் அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் மூக்கை உறிஞ்சினார்.

"அந்த வண்டி கீழதான் நிக்குதா?" என்று அவர் மனைவி என்னைக் கேட்டார்.

"ஆமாம்மா. நீங்க பாக்கணும்மா."

"என்ன அம்மா அம்மாங்கறே? இவரை அண்ணன்கறே, என்னை அம்மாங்கறே. உறவு எங்கேயோ உதைக்குதே. அண்ணின்னு கூப்பிடு."

கீழே வந்தோம். கூட்டம் விலகி வழிவிட்டது. அண்ணி காருக்கு முன்னால் நின்று, பம்பர் முதல் பின்விளக்கு வரை பார்த்தார். இத்தனை வருஷம் அதைத் திட்டியிருக்கிறாரே தவிர, அப்போது கிராமத்தில் இருந்ததால் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லையாம்.

"இவ்வளவு பெருசா?" என்றார். "இதுக்குப் போட்டியா நான் இருந்தேனா?"

டிரைவர் அண்ணன் பழக்க தோஷத்தில் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அந்த வண்டிக்கு இரண்டே கதவுதான். முன் சீட்டை மடக்கிக் கையை நீட்டினார். அண்ணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்தார். இவர் முன்னால் ஏறப்போனார்.

"அங்க எங்க போறீங்க? இங்க வாங்க."

"பாப்பாவுக்கு ரோடு பாத்துச் சொல்லணுமே."

"டவுனுக்குள்ளதானே? மெதுவா போவா. வாங்க."

போனார். பின் சீட்டின் ஓரத்தில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தார். நான் வண்டியை எடுத்தேன். டிப்போ சுவரைத் தாண்டி, கடைத்தெருவுக்குள் நுழைந்தோம். ஜனங்கள் நின்று பார்த்தார்கள்.

முக்குத் திரும்பும்போது அண்ணி என் தோளைத் தட்டினார். "இடது பக்கம் திருப்பு. அந்தத் தெருவுலதான் என் ஓரகத்தி வீடு. மெதுவா போ. இன்னும் மெதுவா."

நீல கேட்டுக்குப் பின்னால் ஒரு பெரியம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாய் கையிலிருந்து நழுவி அவர் காலையே நனைத்தது. அண்ணி நேராக முன்னால் பார்த்தபடி, யாரையும் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

தெரு முனைக்கு வந்ததும் மறுபடி என் தோளைத் தட்டினார்.

"அவ சரியாப் பாத்தாளான்னு தெரியலை. இன்னொரு சுத்து போ."